மூன்றாம் தடம்

ஏழாம் குவிமாடத்தில் யாராவது இறந்தால், தலையைத் திறந்து வாசித்த பிறகுதான் உடலை எடுப்பார்கள். வாசிக்காமல் எடுத்தால் சொந்தக்காரர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, சாப்பிடாமலே போய்விடுவார்கள். எல்லோருக்கும் வலது காதுக்குப் பின்னால் கட்டைவிரல் அகலத்தில் ஒரு மூடி உண்டு. தடக்காரர் அதை நெம்பித் திறப்பார். உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இறந்தவர் தன் தலைக்குள் யாருக்கு எந்தத் தடம் கொடுத்து வைத்திருந்தார் என்று உரக்க வாசிப்பார். அதுவரை ஒப்பாரியும் நிற்கும், காப்பியும் நிற்கும்.

செவ்வாயில் குடியேறி நாலு தலைமுறை ஆகிவிட்டதால் இதில் விசித்திரம் இருப்பதாக அங்கே யாருக்கும் தோன்றுவதில்லை. ஒவ்வொருவர் மண்டைக்குள்ளும் ஒரு தலைப்பலகை இருக்கிறது. வேலைக்கு ஏற்ப, வசதிக்கு ஏற்ப அதில் விரிவட்டைகளைச் செருகிக்கொள்ளலாம். அட்டை எத்தனை செருகினாலும் குறுக்கீட்டுத் தடங்கள் பதினாறுதான். ஒருவர் நம்மைக் கூப்பிட்டால் தலைக்குள் மணி அடிக்கும். மூளை செய்துகொண்டிருந்ததை அப்படியே நிறுத்திவிட்டு அவரைக் கவனிக்கும். அப்படி நிறுத்துகிற உரிமைக்குத்தான் தடம் என்று பெயர். எண் சிறியதானால் மணி முந்தும் என்பது பொதுக் கணக்கு. பூச்சியம் இதயத் துடிப்புக்கு, ஒன்று காற்றுக் கசிவு எச்சரிக்கைக்கு. இரண்டை யாருக்கும் கொடுக்க முடியாது. எட்டு முதல் பதினைந்து வரையுள்ள மேல் வரிசை முழுவதும் அதன் வழியாகத்தான் உள்ளே வந்தாக வேண்டும். ஆகவே ஒரு மனிதன் இன்னொருவருக்குத் தரக்கூடிய முதல் தடம் மூன்று.

முதல் கப்பலில் வந்தவர்களுக்கு எடைக் கட்டுப்பாடு இருந்தது, தாலியைக்கூட ஏற்றவிடவில்லையாம். அந்த இடத்தில் வந்து உட்கார்ந்ததுதான் தடம் கொடுத்தல். மாப்பிள்ளை பெண்ணுக்கு மூன்று கொடுப்பார், பெண் மாப்பிள்ளைக்கு மூன்று கொடுப்பாள். தடப்பட்டியலை வெள்ளைத் தகட்டில் பொறித்து வரவேற்பறையில் மாட்டுவார்கள். மாமியாருக்கு நான்கா ஐந்தா என்பதில் பேச்சுவார்த்தை அறுந்துபோன குடும்பங்கள் உண்டு. பூமியில் கல்யாணப் பத்திரிகையில் பெயர் வரிசைக்காகச் சண்டை போட்ட அதே ரத்தம்தானே, இரும்புத்தூசிக் கிரகத்துக்கு வந்துவிட்டால் மட்டும் மாறிவிடுமா?

இந்த ஊரின் தடக்காரி செண்பகவல்லிக்கு வயது ஐம்பத்து மூன்று. உயிரோடு இருப்பவர்களுக்கு முப்பது வருஷமாகத் தடம் கட்டியிருக்கிறாள், இறந்தவர்களுக்கு வாசித்திருக்கிறாள். சுவரில் தொங்கும் தகட்டுக்கும் மண்டைக்குள் இருக்கும் பலகைக்கும் உள்ள தூரம் அவளைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. தடத்தை நிர்ணயிப்பது அரிசி அளவுள்ள ஒரு இணைப்புச் சில்லு. அதைப் பிடுங்கி வேறு ஊசியில் மாட்ட அரை நிமிஷம் போதும். கல்யாணம் ஆன இரண்டாம் வருஷம் தனியாக வந்து, "யாருக்கும் தெரிய வேண்டாம்" என்று சொல்லி மாற்றிக்கொண்டு போகாதவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அவள் முதன்முதலில் பொய் வாசித்தது இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால். ரூபாவதி என்ற பெண்ணின் புருஷன் சுரங்கத்தில் இறந்துபோனான். கைக்குழந்தையோடு அவள் எதிரில் உட்கார்ந்திருந்தாள். பலகையைத் திறந்தால் மூன்றாம் தடத்தில் இயந்திரச் சேவல் சண்டைக் கழகம் இருந்தது. மனைவி பதினான்கில் இருந்தாள், அவள் மணி காதில் விழாதபடி அதற்கும் திரை போட்டிருந்தது. செண்பகவல்லி அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். ஒரு மூச்சு நிறுத்திவிட்டு, "மூன்றாம் தடம், மனைவி ரூபாவதி" என்று வாசித்தாள். அழுதுகொண்டிருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்த விதத்தை அவள் இன்றுவரை மறக்கவில்லை.

அன்று முதல் எந்த வீட்டிலும் மூன்று மனைவிக்கு அல்லது புருஷனுக்குத்தான். ஆறாம் குவிமாடத்துக்கு யாக்கோபு தடக்காரனாக வந்தபோது அவனுக்கும் இதையே சொல்லிக்கொடுத்தாள். "மூணுக்கு முன்னால ஒரு மூச்சு நிறுத்து. நிறுத்தாம சொன்னா நம்ப மாட்டாங்க" என்றாள். பிறகு இரண்டு குவிமாடத்திலும் செத்தவர்கள் எல்லோரும் உத்தமர்களாகவே போய்ச் சேர்ந்தார்கள்.

அவள் பார்க்காத பலகை ஒன்றுதான் உண்டு, அவள் புருஷன் மாசிலாமணியுடையது. சொந்தக்காரர் தலையைத் தடக்காரர் திறக்கக்கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டம் வருவதற்குக் காரணமான தடக்காரி ஆயுள் தண்டனையில் இருந்து செத்தாள் என்பார்கள். மாசிலாமணிக்கு வேலை ஆறாம் குவிமாடத்து நீரேற்று நிலையத்தில். அவர் தலையையும் செண்பகவல்லியின் தலையையும் பார்த்துக்கொண்டது யாக்கோபு. தொழில் ரகசியம் என்று இருவரிடமும் அவன் வாயைத் திறக்க மாட்டான்.

வீட்டுத் தகட்டில் மூன்று என்று இருந்தது. ஆனால் அவள் கூப்பிட்டால் மாசிலாமணி வரமாட்டார். காலையில் கூப்பிட்டால் சாயங்காலம் பேசுவார். கேட்டால், "மணி வரலையே செண்பகம்" என்பார். ஊரெல்லாம் சொல்கிற அதே பதில். அந்தப் பதிலுக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று தெரிந்த ஒரே பெண்ணிடம் அதைச் சொன்னார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் தொழிற்கூடத்தின் அழுத்தக் கதவு சிக்கிக்கொண்டு அவள் உள்ளே மாட்டிக்கொண்டாள். வேறு யாரையும் கூப்பிடாமல், காலை எட்டு மணியிலிருந்து நாற்பது தடவை அவரையே கூப்பிட்டாள். பதில் இல்லை. மாலை நான்கு மணிக்கு ஷிப்ட் முடிகிற சங்கு ஊதியது. நாற்பத்தோராவது தடவை கூப்பிட்டாள். பாதி மணியிலேயே, "சொல்லும்மா" என்று வந்தார். வேலை முடிந்த பிறகுதான் பெண்டாட்டி ஞாபகம் வருகிறது என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது. கதவைத் திறந்து அவளை வெளியே கொண்டுவந்தபோது அவர் அழுததைக்கூட நடிப்பு என்று நினைத்தாள். மறுநாள் யாக்கோபுவிடம் போய் மாசிலாமணியை மூன்றிலிருந்து எடுத்துப் பதின்மூன்றில் மாட்டச் சொன்னாள். திரையும் போடச் சொன்னாள். மூன்றில் தன் தொழிற்கூட வாசல் மணியை வைத்துக்கொண்டாள். வாடிக்கையாளர்களாவது தன்னைத் தேடி வருகிறார்கள் என்று நினைத்தாள்.

திரை போட்ட தடத்தில் கூப்பிடுகிறவருக்கு மணி போகும். கேட்கிறவருக்குக் கேட்காது. "கூப்பிட்டேனே" என்று மாசிலாமணி எப்போதாவது சொல்வார். "கை வேலையா இருந்தேன்" என்பாள். இருவரும் ஒரே வீட்டில் ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு ஆறு வருஷத்தை ஓட்டினார்கள்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் மாசிலாமணி நீரேற்று நிலையத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தில் ஆள் இல்லை. இருபது நிமிஷம் கழித்து வந்தவர்கள் மூச்சு நின்றிருப்பதைப் பார்த்தார்கள்.

உடல் வீட்டுக் கூடத்தில் கிடந்தது. யாக்கோபு கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தான். செண்பகவல்லி அவன் கையைப் பார்க்கவில்லை, வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷச் சம்சாரத்தில் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: அந்தத் தலைக்குள் தனக்கு என்ன இடம். பூச்சியம், ஒன்று, இரண்டு என்று வழக்கமானவற்றை வாசித்தான். பிறகு ஒரு மூச்சு நிறுத்தினான்.

"மூன்றாம் தடம், மனைவி செண்பகவல்லி."

பெண்கள் குபீரென்று அழுதார்கள். நாத்தனார் தங்கபுஷ்பம் அவள் தோளைக் கட்டிக்கொண்டு, தன் அண்ணனைப் போல உண்டா என்று அரற்றினாள். செண்பகவல்லி கல்லாக உட்கார்ந்திருந்தாள். அந்த இடைவெளி அவள் கண்டுபிடித்தது. அந்தக் குரல் இறக்கம் அவள் பழக்கிக் கொடுத்தது. தன் கையால் சுட்ட பணியாரத்தைத் தன் இலையிலேயே கொண்டுவந்து வைத்தது மாதிரி இருந்தது.

வழக்கப்படி பலகையிலிருந்து சில்லுகளையெல்லாம் பிடுங்கி அவள் உள்ளங்கையில் போட்டார்கள். எது எந்த ஊசியில் இருந்தது என்று சில்லைப் பார்த்துச் சொல்ல முடியாது. அட்டைகளை எடுத்து நிர்வாகத்திடம் ஒப்படைத்தார்கள். செவ்வாயில் எரிக்கக் காற்று கிடையாது என்பதால் உடல் எருக்கூடத்துக்குப் போயிற்று.

ஐந்தாம் நாள் அவள் யாக்கோபுவின் கடைக்குப் போனாள். அவன் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவள் உட்காராமலே கேட்டாள். உண்மையில் எந்தத் தடம், பதினான்கா, பதினைந்தா, எதுவானாலும் பரவாயில்லை, அழமாட்டேன் என்றாள். மூன்றுதான் என்று அவன் சத்தியம் செய்தான். அந்தச் சத்தியத்தையும் நான் நூறு வீட்டில் செய்திருக்கிறேன் என்றாள்.

அதன் பிறகு யாக்கோபு ஒரு கதை சொன்னான். நீரேற்று நிலையத்தின் பம்பு அட்டை பழைய காலத்து அட்டை. அதில் மாற்றுவதற்குச் சில்லே கிடையாது. மூன்றாம் தடத்தில் ஈயம் வைத்துப் பற்றவைத்தது. பம்பு ஓடுகிற நேரமெல்லாம் அது மணி அடித்துக்கொண்டே இருக்கும். ஒரே தடத்தில் இரண்டு பேர் இருந்தால் சத்தம் அதிகமானதுதான் ஜெயிக்கும், மற்றது அதில் அமுங்கிவிடும். ஷிப்ட் முடிந்து பம்பு நின்றால்தான் மனைவியின் மணி உள்ளே வரும். மனைவியை ஒன்பதுக்கு மாற்றிவிடலாம் என்று யாக்கோபு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். மேல் வரிசை முழுவதும் இரண்டின் வழியாக வருவதால் ஒன்பது மூன்றைவிட முந்திக்கொண்டு வரும். தடக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம் அது. மாசிலாமணி கேட்கவில்லை.

"செண்பகத்துக்கு மூணுன்னு வாக்குக் குடுத்துட்டேன், என் தலை இருக்கிற வரைக்கும் மூணுதான்னுட்டாரு மாமா. அவர்கிட்ட நான் என்னக்கா பேசுறது?"

செண்பகவல்லி சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை அது. "முப்பது வருஷத்துல சில்லு இல்லாத அட்டைய நான் கண்ணால பார்த்ததில்ல. ரூபாவதிக்கு நான்கூட இவ்வளவு ஜோடிக்கலையே யாக்கோபு."

அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. செத்த வீட்டுக்காரியிடம் கோபப்படக்கூடாது என்று அதுவரை அடக்கிக்கொண்டிருந்தான்.

"அக்கா, வருஷா வருஷம் மாமா இங்க வந்து என்ன கேப்பாரு தெரியுமா? செண்பகம் தலையில எனக்கு மூணுதானே, யாக்கோபுன்னு கேப்பாரு. கூப்பிட்டா வரமாட்டேங்குறா, வேலை ஜாஸ்தி போலன்னு அவரே பதிலும் சொல்லிக்குவாரு."

"நீ என்ன சொன்ன?"

"மூணுன்னேன். ஒரு மூச்சு நிறுத்தித்தான் சொன்னேன்."

கடைக்கு வெளியே தண்ணீர்க் குழாய் எங்கோ தட்டிக்கொண்டிருந்தது. செண்பகவல்லி இப்போது நாற்காலியில் உட்கார்ந்தாள். தலையைச் சாய்த்து வலது காதைக் காட்டினாள்.

"பதிமூணுல திரைய எடு."

யாக்கோபு வேண்டாம் என்றான். ஏன் வேண்டாம் என்று அவளுக்கு அவன் விளக்கத் தேவையில்லை. திரை போட்ட தடத்தில் மணி அடித்தால் பலகை ஒரு குறி வைத்துக்கொள்ளும். திரையை எடுத்ததும் அந்தக் குறி மணியாக உள்ளே வரும். ஒரு தடவை கூப்பிட்டிருந்தாலும் ஒரு குறிதான், ஆயிரம் தடவை கூப்பிட்டிருந்தாலும் ஒரு குறிதான். நாளும் நேரமும் பலகைக்குத் தெரியாது. இதை அவள் எத்தனையோ வாடிக்கையாளர்களுக்குச் சாதாரணமாகச் சொல்லியிருக்கிறாள். எடு என்றாள் மறுபடியும்.

அவன் எடுத்தான். அவள் தலைக்குள் மணி ஒரே ஒரு தடவை அடித்தது. மாசிலாமணியின் மணி, கல்யாணத்தன்று இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுத்த மூன்று சுரம். ஆறு வருஷத்தில் என்றைக்கோ அடித்தது. சும்மா, உப்பு வாங்கி வரவா என்று கேட்பதற்காக அடித்ததாக இருக்கலாம். அந்தச் செவ்வாய்க்கிழமை முற்பகலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அடித்ததாகவும் இருக்கலாம். "சொல்லுங்க" என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள். எதிர்ப்புறத்தில் யாரும் இல்லை. யாக்கோபு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பிறகு மாசிலாமணியை மூன்றுக்கு மாற்றச் சொன்னாள். யாக்கோபு ஆச்சரியப்படவில்லை. துக்கம் முடிந்து கடைக்கு வருகிற எல்லோரும் கேட்பது அதுதான். ஏழாம் குவிமாடத்தில் இன்று பெரும்பாலான மூன்றாம் தடங்கள் இறந்தவர்களிடம் இருக்கின்றன. அவர்கள் தொந்தரவு செய்வதில்லை அல்லவா, தாராளமாகக் கொடுக்கலாம். மூன்றில் இருந்த வாசல் மணியை யாக்கோபு ஒன்பதுக்குத் தள்ளினான்.

பதினேழாம் நாள் தொழிற்கூடத்தைத் திறந்தாள். வாசல் மணி முன்னைவிட வேகமாக வந்தது. புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று நின்றிருந்தது. பையன் பெயர் ஆதித்தன், பெண் பெயர் நிறைமதி. கைகளில் மருதாணி இன்னும் மங்கவில்லை. ஒருவருக்கொருவர் மூன்றாம் தடம் கட்ட வேண்டும், தகடும் பொறித்துத் தர வேண்டும் என்றார்கள். பெண்ணுக்குக் கட்டி முடித்து, பையன் தலையைத் திறந்தாள்.

உள்ளே ஒரு புது அட்டை இருந்தது. புதுசாகச் செருகியிருந்தார்களே தவிர, அட்டை பழசு. ஓரங்கள் தேய்ந்து, மேலே நீரேற்று நிலையத்தின் முத்திரை இருந்தது. என்ன வேலை என்று கேட்டாள். ஆறாம் குவிமாடத்துப் பம்பு, போன வாரம்தான் சேர்ந்தேன், எனக்கு முன்னால் இருந்தவர் இறந்துபோனாராம் என்றான் பையன். அந்தப் பெரியவரின் மனைவி இவள்தான் என்று அவனுக்குத் தெரியவில்லை.

செண்பகவல்லி கண்ணாடியை இன்னும் கீழே இறக்கினாள். அட்டையில் சில்லுக்கான ஊசிகளே இல்லை. மூன்றாம் தடத்தில் ஒரு சொட்டு ஈயம் கறுத்துப்போய் உட்கார்ந்திருந்தது.

கருவியைக் கீழே வைத்துவிட்டாள். தொழில் தெரிந்தவள் மனசு தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டது. திரை போட்டிருந்தால் நாற்பத்தோராவது மணியும் போயிருக்காது. பதினான்கில் திரையில்லாமல் இருந்திருந்தால் முதல் மணியே பம்பை முந்திக்கொண்டு போயிருக்கும். நான்கு முதல் ஏழுக்குள் இருந்திருந்தால், காத்திருந்த மணி பம்பு நின்ற கணமே தானாக உள்ளே போயிருக்கும். நாற்பது போகாமல், பம்பு நின்றதும் நாற்பத்தொன்று போனதென்றால், அவள் இருந்த இடம் ஒன்றாகத்தான் இருக்க முடியும். யாக்கோபு அவளுக்காக ஜோடிக்கவில்லை. இரண்டு குவிமாடத்திலும் இருபத்தேழு வருஷத்தில் வாசிக்கப்பட்ட மூன்றுகளில் நிஜமானவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம், அவற்றில் ஒன்று அது. அதை அவள் நம்பவில்லை.

பையன் தலையைச் சாய்த்தபடியே ஏதாவது கோளாறா என்று கேட்டான். செண்பகவல்லி குரலைச் சரிசெய்துகொண்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக மூன்றைப் பற்றி ஒரு வாடிக்கையாளரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"மூணு வேண்டாம்ப்பா. இந்த அட்டை மூணுல கத்திக்கிட்டே இருக்கும், உன் பெண்டாட்டி கூப்பிடுறது உனக்குக் கேக்காது. ஒம்பதுல போடுறேன். கூப்பிட்ட உடனே வரும்."

பையன் யோசித்தான். பெண்ணின் முகம் சுண்டிப்போய்விட்டது.

"ஒம்பதா? எங்க அக்காவுக்கெல்லாம் அத்தான் மூணு குடுத்திருக்காருங்க. தகட்டுல ஒம்பதுன்னு போட்டு மாட்டினா ஊர்ல என்ன நினைப்பாங்க? கேக்கலைன்னாலும் பரவாயில்ல, எனக்கு மூணுதான் வேணும்."

பையனும் உடனே நிமிர்ந்து, எனக்கும் மூன்று கொடுக்கத்தான் ஆசை, அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றான். வாக்கு என்று அவன் சொன்ன தோரணை செண்பகவல்லிக்கு மாசிலாமணியை ஞாபகப்படுத்தியது. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒன்பதுதான் வேகம் என்று தெரிந்திருந்தும், மூன்று கொடுத்தால்தான் கழுத்தை நீட்டுவேன் என்று அடம்பிடித்தவள் அவள்தான்.

அவள் மேற்கொண்டு வாதாடவில்லை. மாசிலாமணியின் சில்லுகள் இருந்த டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்தாள். பையனின் தலைப்பலகையில் அதை ஒன்பதாம் ஊசியில் அழுத்தி மாட்டினாள். மூடியைச் சாத்தினாள். வெள்ளைத் தகட்டில் மூன்று என்று பெரிதாகப் பொறித்துப் பெண்ணின் கையில் கொடுத்தாள். என்றைக்காவது இந்தப் பையன் இறந்து, வேறொரு தடக்காரர் தலையைத் திறந்து உள்ளதை வாசித்தால், பாவி மனுஷன் மூன்றை வேலைக்குக் கொடுத்துவிட்டுப் பெண்டாட்டியை ஒன்பதில் வைத்திருந்தான் என்றுதான் ஊர் நினைக்கும். நினைத்துவிட்டுப் போகட்டும்.

பெண் தகட்டை வாங்கிப் பார்த்தாள். சந்தேகம் போகவில்லை. செண்பகவல்லியின் கண்ணை நேராகப் பார்த்து, "நெசமாவே எனக்கு மூணுதானே?" என்று கேட்டாள்.

செண்பகவல்லி ஒரு மூச்சு நிறுத்தினாள்.

"மூணுதாம்மா" என்றாள்.